ரஹிமாவின் பெயரில் நான் எடுத்த ஸ்கேன்

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கே புகழ் அனைத்தும். பார்த்தும் உடனே பிடிக்காமல் விட்டுவைக்கிறானே, அதற்காக இன்னும் கொஞ்சம் கூடுதல் புகழ்.

சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேட்ட துஆ ஏற்கப்பட்ட அனுபவம் ஏதாவது இருந்தால் நம் மதரஸா இதழுக்கு எழுதுங்கள் என்று நமக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமா ஒரு வருஷமாகக் கேட்கிறார்கள். நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. இருப்பதை எழுதினால் நாளைக்கு நீங்கள் யாரும் எனக்கு ஸலாம் சொல்வீர்களா என்ற பயம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். என் பெயரைக் கடைசியில் போடுகிறேன். முதலில் விஷயத்தைப் படியுங்கள்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். என் கணவர் இருபத்திரண்டு வருஷமாகக் குவைத்தில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். ஒரே மகள், நஸீமா. வீடு, வயல், குத்தகைக்காரர், சொந்தக்காரர் சண்டை எல்லாமே என் தலையில்தான். அதனால் எனக்கு அதிகாரம் கொஞ்சம் ஜாஸ்தி. வாய் அதைவிட ஜாஸ்தி. ‘அந்தம்மா வாயில விழுந்தா எந்திரிக்க முடியாது’ என்று தெருவில் சொல்வார்கள். காதில் விழும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

புயல் அடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்ததே, அதற்கு அடுத்த வருஷம் புரட்டாசி. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கும்போது இடது மார்பில் கை பட்டது. மேலே, அக்குள் ஓரமாக, சுண்டைக்காய் அளவில் ஒன்று. சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். இருந்தது. அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் பெரியம்மா இதில்தான் மவுத்தானார்கள். கடைசிவரை வெளியே ‘நெஞ்சு வலி’ என்றே சொல்லி, அப்படியே சொல்லி அடக்கமும் பண்ணிவிட்டோம். எங்கள் குடும்பத்துக்கு மறைக்கிறது புதுசில்லை.

அப்போது நஸீமாவுக்கு நிச்சயம் முடிந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை துபாயில் வேலை. அடுத்த வருஷம் தாண்டி தை மாதம் லீவில் வரும்போது நிக்காஹ் என்று பேச்சு. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சீர்செனத்தி எங்களுக்குப் பெருசு இல்லீங்க. நோய்நொடி இல்லாத குடும்பமான்னு மட்டும்தான் விசாரிச்சோம்” என்றார்கள். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வார்த்தைதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று ஊர் பேசும். சம்பந்தம் போய்விடும்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்து அழுதேன். என்ன கேட்டேன் தெரியுமா? நோயை எடுத்துவிடு என்று முதலில் கேட்கவில்லை. ‘யா ஸத்தார், மறைக்கிறவனே, இதை மறைத்துவிடு. ஒரு பூச்சிக்குக்கூடத் தெரியவேண்டாம்’ என்றுதான் கேட்டேன். உயிர் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. அந்த துஆவை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அது முழுசாக ஏற்கப்பட்டது.

இனி ரஹிமா. எங்கள் தெருவில் கடைசி வீடு. என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் புருஷன் மலேசியாவுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, இவளுக்குத் தலாக் அனுப்பிவிட்டான். ஒரு மகள் இருக்கிறாள். ரஹிமா எங்கள் வீட்டில் சமையல். காலையில் வந்தால் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் இருப்பாள். தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நெய்ச்சோறு அவள் கைதான். அதிகம் பேசமாட்டாள். நான் பேசுவது இரண்டு பேருக்கும் சேர்த்துப் போதும் என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

கும்பகோணத்தில் இல்லாத டாக்டரா? ஆனால் கும்பகோணத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் நம்மூர் ஆள் நாலு பேர் நிற்பார்கள். அதனால் தஞ்சாவூர். கல்யாண ஜவுளி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ரஹிமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். விஷயத்தைப் பஸ்ஸில்தான் அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். தஞ்சாவூர் வரும்வரை விடவில்லை.

லேடி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “கையால சொல்ல முடியலம்மா, ஸ்கேன் பாத்துரலாம்” என்று ஒரு சீட்டில் ஸ்கேனின் பெயரை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். நாலு கடை தள்ளி ஸ்கேன் சென்டர். உள்ளே போனால், கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பொண்ணு மாப்பிள்ளை வீட்டுத் தெரு! நிச்சயத்தன்று சர்பத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தவள். நல்லவேளை, இரண்டு பேரும் முகம் மூடிய புர்காவில் இருந்தோம்.

“பேர் சொல்லுங்கம்மா” என்றாள் அந்தப் பொண்ணு.

“ரஹிமா” என்றேன். ஊரும் தெருவும் கேட்டாள். ரஹிமாவுடைய தெருக்கடைசி வீட்டு நம்பரையே சொன்னேன். வயதும் அவளுடையதுதான்.

பக்கத்தில் நின்றவள் என் காதோரம் குனிந்து, “அக்கா, என் பேரா?” என்றாள்.

“சும்மா இரு. பேரு என்ன தேஞ்சா போயிரும்?” என்றேன்.

அவள் என் கைப்பையை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

ஸ்கேன் அறையில் இருந்ததும் லேடி டாக்டர்தான், நல்ல மாதிரி. முதலில் சாதாரண ஸ்கேன் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். “உருவத்தை வெச்சு நல்லதுன்னும் சொல்லலாம், கெட்டதுன்னும் சொல்லலாம் போல இருக்கு. புதுசா ஒரு முறை இருக்கு, எலாஸ்டோகிராஃபின்னு. கட்டி எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு பாக்குறது” என்றார். நான் திருதிருவென்று முழித்தேன். அவர் சிரித்துவிட்டு, “சோறு வெந்துருச்சான்னு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாப்பீங்கல்ல? வெந்தது நசுங்கும். வேகாதது நடுவுல நிக்கும். அதையே மெஷின் உள்ளுக்குள்ள பாக்குது. பொல்லாத கட்டி பெரும்பாலும் கெட்டியா நிக்கும். எங்க மெஷின்ல கெட்டியா இருந்தா நீலமா வரும். மெத்துன்னு இருந்தா பச்சை, சிவப்பு” என்றார்.

அதே கருவியை மார்பின் மேல் வைத்து லேசாக அழுத்தினார். வலிக்கவில்லை. ஆனால் திரையில் நிறம் வருவதற்குள் நான் ஓதாத சூரா இல்லை. ரஹிமா என் புர்காவை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி நின்றாள்.

பச்சை வந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

“மெத்துன்னுதாம்மா இருக்கு. நல்ல கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது. ஊசி டெஸ்டும் எடுத்துருவோம்” என்றார். எடுத்தார்கள். நாலு நாள் கழித்து ரிசல்ட் வாங்க ரஹிமாவைத் தனியாக அனுப்பினேன். அவள் பெயர்தானே! இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கிவந்தாள். சாதாரணக் கட்டி. ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

நான் அழுத அழுகையைப் பார்த்து ரஹிமாவும் அழுதாள். ‘அல்ஹம்துலில்லாஹ் அக்கா, அல்ஹம்துலில்லாஹ் அக்கா’ என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையை நான் மறக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதிவைக்கிறேன்.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். அந்த ஃபைலை வீட்டில் வைத்தால் நஸீமா கண்ணில் படும். கிழித்துப் போட்டால் ஆறு மாதம் கழித்து டாக்டர் கேட்பார். “உன் பேர்லதானே இருக்கு, உன் பெட்டியிலேயே இருக்கட்டும்” என்று ரஹிமாவிடமே கொடுத்துவிட்டேன். சும்மா கொடுக்கவில்லை. “இது நான் உங்கிட்ட நம்பி ஒப்படைக்கிற அமானிதம். நான் சொல்லாம உன் வாயிலேர்ந்து வரக்கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பெண்கள் மஜ்லிஸில், உங்களில் பாதிப் பேர் இருந்தீர்கள், நான் எழுந்து பேசினேன். ‘பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்குக் கட்டி இருந்தது, துஆவினால் ஒன்றுமில்லாமல் போனது’ என்றேன். ரஹிமா ஸ்கேன் சென்டர் பையோடு பஸ்ஸில் வந்ததை யாரோ பார்த்திருந்தார்கள் போல. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் லேசாகச் சிரித்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அப்பாடா, இனி யாருக்கும் என்மேல் சந்தேகம் வராது.

ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் காட்டவும் நான் போகவில்லை. அடுத்த வருஷம் ஆடி. வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவுவதை நிறுத்திவிட்டு, “அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்கு” என்றாள்.

“என்னது?”

“உங்களுக்கு இருந்த மாதிரி. எனக்கும் இடது பக்கம்தான். கீழே.”

சகோதரிகளே, அந்த நேரத்தில் என் மனசு என்ன கணக்குப் போட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இவள் தஞ்சாவூருக்குப் போனால் அதே சென்டருக்குத்தான் போவாள், கவுண்டரில் அதே பொண்ணு இருப்பாள், பழைய ரிப்போர்ட்டை எடுப்பார்கள், இந்த ரஹிமா வேறு அந்த ரஹிமா வேறு என்று தெரிந்துவிடும், தையில் கல்யாணம். இவ்வளவுதான் ஓடியது. அவளுக்கு என்ன ஆகும் என்று ஓடவில்லை.

“எனக்கும் இப்படித்தானே இருந்துச்சு? ஒண்ணுமில்லாமப் போகலையா? உனக்கும் அதேதான். கல்யாணம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“சரிங்கக்கா” என்று மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

ஆவணியில் நம் தெருக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கான மருத்துவ முகாம் போட்டார்கள். ரஹிமாவின் மகள் அம்மாவை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைக் குடைந்து அந்த ஃபைலையும் எடுத்து வந்திருந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். ஊர்ப் பெரிய மனுஷியாயிற்றே! நர்ஸம்மாக்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸம்மா தடுப்புத் துணிக்குப் பின்னால் ரஹிமாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “கையில கெட்டியாத்தான் படுது” என்றார். ரஹிமாவின் மகள் ஃபைலை நீட்டினாள். அவர் புரட்டிப் படித்தார். “அட, போன வருஷமே பாத்துருக்கீங்க. இடது மார்பு. இறுக்கம் பாக்குற ஸ்கேன்லயே மெத்துன்னு வந்துருக்கு, ஊசி டெஸ்டும் நல்லா வந்துருக்கு. அப்ப அதே கட்டிதான். பயப்படாதீங்க. சும்மா அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க” என்றார்.

ரஹிமாவின் மகள் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். ரஹிமா சிரிக்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, பார்த்தாள். சொல்லலாமா என்ற பார்வை. நான் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். அவள் சத்தியம் என் கையில் இருந்தது.

நான் தலையைக் குனிந்து அடுத்த டம்ளரில் டீ ஊற்றினேன்.

அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். உயிர் போகிற நேரத்திலும் அமானிதம் பேணியவர்களைப் பற்றி நாம் எவ்வளவு பயான் கேட்டிருப்போம்! என் சமையலறையிலேயே ஒருத்தி இருந்தாள். அவளைப் பேணவைத்தவள் நான். பாவி.

அன்றிலிருந்து ‘யா ஸத்தார்’ என்று ஓத உட்கார்ந்தால் நாக்கு எழும்பவில்லை. ஓதத்தான் வரவில்லையே தவிர, வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஐந்து மாதம் இருந்தது. பந்தல், ஜவுளி, பத்திரிகை என்று ஓடினேன். ரஹிமா மெலிந்துகொண்டே வந்தாள். மெலிந்தது கண்ணில் பட்டபோதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தையில் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. வலீமா விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டில் சமையல் ஆள் போதவில்லை என்று ரஹிமாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே சஹன் பரிமாறும்போது, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு, நெய்ச்சோறும் கறியுமாக, அவள் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. “கையில என்ன சீக்கா?” என்று சம்பந்தியம்மா எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்கள். நானும் சேர்ந்துகொண்டு, “பாத்துத் தூக்க மாட்டே?” என்றேன். ஆமாம், நானும்தான்.

சிந்தின சோற்றை அள்ளிக்கொண்டு அவள் கொல்லைப்பக்கம் போனாள், நானும் பின்னால் போனேன். அங்கே யாருமில்லை. கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள்.

“அக்கா, கல்யாணம் முடிஞ்சிருச்சு. இப்ப என் பேரை நான் எடுத்துக்கவா?”

என்னை யாரும் அதுவரை அப்படி அடித்ததில்லை. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரவல் கொடுத்த இடியாப்ப உரலைத் திருப்பிக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே தஞ்சாவூர். பஸ்ஸில் இந்த முறை அவள் என் கையைப் பிடிக்கவில்லை. நானாகப் பிடிக்கத் துணிச்சல் இல்லை.

கவுண்டரில் அதே பொண்ணு. பெயரைத் தட்டியதும் பழைய ரிப்போர்ட் வந்தது. உள்ளே அதே டாக்டர், அதே கட்டில். நான் இப்போது ரஹிமா நின்ற இடத்தில் நின்றேன். அவள் புர்கா என் கையில். டாக்டர் ஸ்கேன் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி ஸ்கேன். அப்புறம் இறுக்கம் பார்க்கிற அந்தக் கருவியை வைத்து அழுத்தினார்.

திரையில் நீலம். ஓரத்தில்கூடப் பச்சை இல்லை. மை கொட்டியது போல நீலம்.

ரஹிமா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். “வேகலையா அக்கா?” என்று கேட்டாள்.

டாக்டர் குழம்பிப்போயிருந்தார். “பழைய கட்டி மேலே இருக்கணும். அங்க எதுவுமே இல்ல. இது கீழே இருக்கு. ஒரே ஆளு மாதிரியே இல்லையே!” என்றவர் கவுண்டர் பொண்ணைக் கூப்பிட்டார். “யாரோட ரிப்போர்ட்டை யாருக்கு ஏத்தி வெச்சிருக்கே? உயிர் விஷயம்னு தெரியாதா உனக்கு?” என்று பிடித்துக்கொண்டார். அந்தப் பொண்ணு, “இல்ல மேடம், நான் சரியாத்தான் அடிச்சேன்” என்று அழ ஆரம்பித்தாள்.

ரஹிமா அப்போதும் வாய் திறக்கவில்லை. மார்புக்கு மேல் துணியைப் போர்த்திக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். என் சத்தியம் இன்னும் அவள் வாயில் பூட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு வரி துஆதான் வந்தது. ‘யா அல்லாஹ், மறைத்தது போதும், என் வாயைத் திறந்துவிடு.’ வாய் நீளம் என்று பெயரெடுத்தவளுக்கு அன்றைக்கு அதைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. திறந்தான். முகத்திரையைத் தூக்கினேன்.

“அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க மேடம். போன தடவை இந்தக் கட்டில்ல படுத்தது நான். இவ பேரைக் குடுத்துட்டுப் படுத்தேன்.”

கவுண்டர் பொண்ணு என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் என்னைத் திட்டவே இல்லை. ரஹிமாவின் நெற்றியில் கையை வைத்து, “இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?” என்றார்.

“அக்கா சொல்லச் சொல்லல” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அன்று பேசாமல் இருந்திருந்தாலும் டாக்டர் ஊசி டெஸ்ட் எடுத்திருப்பார். அவ்வளவு நீலத்தைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். என் வாய் திறந்ததால் ரஹிமாவுக்கு ஒன்றும் கூடிவிடவில்லை. ஆவணியில், டீ டம்ளரோடு நின்ற அன்றைக்குத் திறந்திருந்தால் கூடியிருக்கும். புற்றுநோய் என்று ரிசல்ட் வந்ததும் ஆபரேஷன் டாக்டர் அதைத்தான் சொன்னார். “ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்துட்டு மார்பை விட்டிருக்கலாம். இப்ப முழுசா எடுக்கணும். அக்குள்லயும் நெறி கட்டியிருக்கு. வேற எங்கேயாச்சும் போயிருக்கான்னு பாத்துட்டுத்தான் மேற்கொண்டு பேச முடியும்.”

உடம்பு முழுக்கப் பார்க்கிற டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அதன் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த இரண்டு நாளில்தான் நான் துஆ கேட்கக் கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே துண்டை விரித்துத் தொழுதேன். இந்தத் தடவை மறைத்துவிடு என்று கேட்கவில்லை. ‘ஊர் முழுக்கத் தெரியட்டும். மகள் வாழ்க்கையையும் உன்னிடமே விட்டுவிட்டேன். ரஹிமா உயிரை மட்டும் கொடு. என் கணக்குக்காக அவளைப் பிடிக்காதே’ என்று கேட்டேன். மகளுடைய அம்மா இதைக் கேட்பது லேசில்லை. கேட்டேன்.

இரண்டாவது நாள் லுஹர் நேரத்தில் டாக்டர் வந்து, கல்லீரலுக்கோ எலும்புக்கோ எங்கேயும் பரவவில்லை, காப்பாற்றலாம் என்றார். ரஹிமாவின் மகள் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் இருந்த இடத்திலேயே சஜ்தாவில் விழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ். உயிரைக் கேட்டேன், உயிரைக் கொடுத்தான். மார்பு போயிற்று. மருந்து ஏற்ற ஏற்ற முடி போயிற்று, நகம் கறுத்தது, நெய்ச்சோற்று வாசனையே ஆகாமல் குமட்டியது. தெருவுக்கே சமைத்த கை, ஒரு வருஷம் எதையும் தூக்கவில்லை.

ஊருக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. சம்பந்தியம்மா போனில், “எங்களை ஏமாத்திட்டீங்களே” என்று கத்தினார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். நாலு மாதம் பேசவில்லை, அப்புறம் பேரப்பிள்ளை உண்டானதும் பேசினார்கள். அவ்வளவுதான் நடந்தது. எதற்குப் பயந்து ஒருத்தியின் மார்பை அறுக்க விட்டேனோ, அது நாலு மாத முகத்திருப்பல்.

குவைத்துக்கு நானே போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் புள்ள எப்படி இருக்கு?” என்றுதான் இவர் முதலில் கேட்டார். எனக்கு இருந்த கட்டியைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் நியாயம்.

நஸீமா சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. “எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. நான் கேக்கல.”

இதெல்லாம் முடிந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. ரஹிமா நன்றாக இருக்கிறாள். முடி வளர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் தஞ்சாவூர் போகிறோம். அவள் பெயரில் அவள், என் பெயரில் நான். என்னுடைய கட்டி இன்னும் பச்சையாகவே இருக்கிறது. இப்போது என் வீட்டுச் சமையலறைக்கு அவள் வருவதில்லை. நான்தான் அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கிறேன். உப்பு கூட என்றால் கூட என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

மன்னிப்புக் கேட்காமல் இருப்பேனா? ஆலிமா அடிக்கடி சொல்வார்கள், அல்லாஹ்வுக்குச் செய்த பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான், அடியாருக்குச் செய்ததை அந்த அடியார்தான் மன்னிக்கவேண்டும் என்று. போன நோன்புப் பெருநாளன்று அவள் காலடியில் உட்கார்ந்து, “பொருந்திக்க ரஹிமா” என்றேன்.

“நோய் அல்லாஹ் குடுத்தது, அதைப் பொருந்திக்கிட்டேன். பேரை எடுத்தீங்க, அப்ப உங்களுக்குப் பயம், அதையும் பொருந்திக்கிட்டேன். அந்த மண்டபத்துல நான் உங்களைப் பாத்தேன்லக்கா, நீங்க குனிஞ்சு டீ ஊத்துனீங்கல்ல, அது மட்டும் என்னால முடியல. பொய் சொல்லக்கூடாதுல்ல? முடியுறப்ப நானே சொல்றேன்.”

இன்னும் சொல்லவில்லை. நான் காத்திருக்கிறேன்.

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் கேட்டேன். வேறு பெயர் போட்டுக்கொள்ளட்டுமா என்றேன். “வேணாம். போன தடவை கேக்காமப் போட்டீங்க. இந்தத் தடவை கேட்டிருக்கீங்க. போடுங்க” என்றாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினேன். டீ ஊற்றிய இடம் வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சகோதரிகளே, துஆ ஏற்கப்படுகிறது. நான் சாட்சி. மறைக்கச் சொன்னேன், மறைத்தான், என்ன ஆயிற்று என்று படித்தீர்கள். உயிரைக் கேட்டேன், தந்தான். அவன் வாசலில் நம்பிப் போய் நில்லுங்கள், வெறுங்கையோடு அனுப்பமாட்டான். ஆனால் என்ன கேட்கிறோம் என்பதைப் பார்த்துக் கேளுங்கள். உடம்பில் ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கே கிளம்புங்கள். முகத்தை மூடிக்கொண்டு போனாலும் சரி, பெயரை மூடாதீர்கள். கூட வருகிறவள் எனக்கும் இருக்கிறது என்று சொன்னால், உங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்காக ரஹிமாவிடம் யாரும் சிபாரிசு பேசப் போகாதீர்கள். அவள் அவளாகச் சொல்லட்டும். நான் மவுத்தாவதற்குள் அவள் வாயால் அந்த ஒரு வார்த்தை வரவேண்டும் என்று மட்டும் எனக்காக துஆ செய்யுங்கள். ‘பெயர் சொல்ல விரும்பாத சகோதரி’ என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

என் பெயர் மைமூன் பீவி.